குண்டுமல்லி தழைக்கிறது, பூக்கவில்லையே?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது தளத்தில் வசிக்கிறோம். வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குண்டுமல்லி வளர்க்கிறேன். வாரந்தோறும் தழை உரமிட்டு, இரு வேளையும் நீரூற்றுகிறேன். செடி தளதளவென்று இருக்கிறதே தவிர, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வீட்டுப் பூவையே சூட்ட வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. என்ன செய்யலாம்?
- ஈசூன் வாசகி

பதில்: தங்கள் செடிக்கு நோய் எதுவும் இல்லை, அதற்கு வெயில்தான் போதவில்லை. குண்டுமல்லி நன்கு பூக்க, நாளொன்றுக்கு 5 அல்லது 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை சூரியன் நமக்கு வடபுறமாகவும், எஞ்சிய மாதங்களில் தென்புறமாகவும் சாய்ந்து செல்கிறது. எனவே, தங்கள் தாழ்வாரத்தில் ஆண்டின் பாதி நாள்கள் வெயிலே விழாது. தென்புறத்தில் வெயில் படும் சன்னல் இருந்தால், அக்டோபர் முதல் மார்ச் வரை தொட்டியை அதன் உட்புறத்தில் வைத்துவிட்டு, ஏப்ரலில் மீண்டும் தாழ்வாரத்துக்குக் கொண்டுவாருங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் தொட்டியை ஒருபோதும் வைக்க வேண்டாம்.

அடுத்தது கவாத்து. தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியில் செடியை வெட்டிவிடுகிறார்கள். குளிர்காலம் கழிந்ததும் புதுத்தளிர் விட்டு, மார்ச், ஏப்ரலில் பூக்கத் தொடங்குகிறது. இங்கே குளிர்காலம் என்பதே இல்லாததால், செடிக்கு ஓய்வையும் தூண்டுதலையும் நாம்தான் தர வேண்டியிருக்கிறது. குண்டுமல்லி புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். தாங்கள் ஆசையாகக் காத்துவரும் அந்த நீண்ட பழைய கொடிகளில் பூவை எதிர்பார்க்க இயலாது. மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூரிய கத்தரியால் வெட்டிவிடுங்கள். சில வாரங்களில் தளிர் நுனியின் கடைசி இலை இணைக்கு நடுவே, மயிரிழை போன்ற பச்சைப் புல்லிதழ்கள் சூழ, கடுகளவு மொட்டுகள் பெரும்பாலும் மூன்று மூன்றாகத் தலைகாட்டும்.

தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை உடனே நிறுத்துங்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூடிய பூ உரம் மாதம் இருமுறை போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் நீரூற்றுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும் என்பதால், அதை ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துக் கழுவுங்கள். இறுகிய மேல்மண்ணையும் கிளறிவிடுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மொட்டு வெளுத்துப் பருத்ததும், வெள்ளிக்கிழமை காலையிலேயே பறித்துக் கட்டிவிடுங்கள். மாமியார் விளக்கேற்றும் வேளையில் அது சரத்திலேயே விரியும்.