ஒரு நகரத்துக்கு நிலைத்த போக்குவரத்துத் திட்டம் தயாரிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியில் 'எங்கிருந்து தொடங்குவது' என்று இருந்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். 'எப்படி முடிப்பது' என்று கேட்டிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். நான் வேலை பார்த்த எந்தத் திட்டமும் முடிந்தது என்று சொல்ல முடியாது, பைண்டிங் போட்டு அலமாரியில் வைப்பதற்குப் பெயர் முடிப்பது என்றால் தவிர.

நீங்கள் ஏதோ ஒரு மாநகராட்சியிலோ ஆலோசனை நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், மேலிடத்திலிருந்து 'ஆறு மாதத்தில் திட்டம் வேண்டும்' என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கல்லூரி அசைன்மென்ட் என்றால் மற்றவர்கள் பதிலைப் பாருங்கள், அவை இதைவிட ஒழுங்காக இருக்கும்.

படிப்படியான வழிமுறைக்குப் பஞ்சம் இல்லை. வாகன ஓட்டத்தைவிட மக்களின் நடமாட்டத்தை மையமாக வைப்பதுதான் நிலைத்த போக்குவரத்துத் திட்டம்; ஐரோப்பிய ஆணையம் 2013-ல் இந்தக் கருத்தை முன்வைத்தது, வழிகாட்டிக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு 2019-ல் வந்தது. நான்கு கட்டம், பன்னிரண்டு படி, கடிகாரம் மாதிரி வட்டமாக ஒரு படம். நிலவரத்தை ஆராய்வது, இலக்கு வைப்பது, நடவடிக்கைகளைத் தேர்ந்தெடுப்பது, செயல்படுத்திக் கண்காணிப்பது. நல்ல கையேடுதான், எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஆனால் 'நிலவரத்தை ஆராய்வது' என்று படத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, திட்டத்தின் தலையெழுத்து அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அடுத்து வரும் கூட்டங்கள், வரைபடங்கள், பவர்பாயிண்ட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போட்டதைத்தான் திருப்பித் தருகின்றன.

என் கதையைச் சொன்னால் புரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை வீட்டுவாரிக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். கையில் அட்டை, அதில் படிவம். நேற்று காலையிலிருந்து இரவு வரை வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே போனார்கள், எதில் போனார்கள், எதற்காக, எத்தனை நிமிஷம். ஒரு ஆளுக்கு ஆறு வரிசை அச்சடித்திருந்தார்கள். படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் விதிமுறை: 500 மீட்டருக்குக் குறைவான நடை பயணம் ஆகாது. ஒரு பயணத்தில் பல வாகனம் மாறினால் முக்கியமானதை மட்டும் எழுதவும். குடும்பத் தலைவர் மற்றவர்களுக்காகப் பதில் சொல்லலாம்.

ஒரு வீட்டில் அந்தக் குடும்பத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தனக்கு இரண்டு பயணம், வேலைக்குப் போய் வந்தது. பையனுக்கு இரண்டு. மனைவி வரிசைக்கு வந்ததும், "அவ எங்க சார் போறா, வீட்லதான் இருக்கா" என்றார். அந்த அம்மா அப்போதுதான் வெளியிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை.

நான் விதியை மீறி அவரிடமே கேட்டேன். முதலில் அவரும் "நான் எங்கயும் போகலையே தம்பி" என்றுதான் சொன்னார். சரிம்மா, காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் யார் விட்டது என்று கேட்டேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடம் போய் விட்டது, வரும் வழியில் கடை, வீட்டுக்கு வந்தது, மாமியாருக்குச் சாப்பாடு கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனது, திரும்பி வந்தது, மறுபடி பள்ளிக்கூடம், அங்கிருந்து குழந்தையோடு மருந்துக் கடை, அங்கிருந்து வீடு. எட்டு. படிவத்தில் ஆறு வரிசைதான், மிச்சம் இரண்டை ஓரத்தில் பேனாவால் நெருக்கி எழுதினேன். பெரிய சாதனை செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

ஒரு மாதம் கழித்து டேட்டா என்ட்ரி பையனிடம் அந்தப் படிவம் என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். ஓரத்தில் எழுதியதை ஏற்ற சாஃப்ட்வேரில் இடம் இல்லை என்றான். அவன்மேல் தப்பில்லை. பள்ளிக்கூடமும் கடையும் மருந்துக் கடையும் 500 மீட்டருக்குள் இருந்ததால் அவையும் அடிபட்டிருந்தன. மிஞ்சியது ஆஸ்பத்திரி போய் வந்தது மட்டும், அதுவும் 'பஸ்' என்று. பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் நடந்த நடை கணக்கில் வராது, 'முக்கியமானதை மட்டும்' என்பது விதி. அந்த அம்மாவும் கணவர் மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு பயணம் போகிறவராக ஆகிவிட்டார்.

இப்படி எத்தனை ஆயிரம் வீடு என்று யோசித்துப் பாருங்கள். அறிக்கையில் நடை மெலிந்துபோய் வந்தது. நடைபாதைக்கு இரண்டு பக்கம், அதில் ஒன்று முழுக்கப் புகைப்படம். மேம்பாலத்துக்கு ஓர் அத்தியாயம்.

இங்கே போக்குவரத்துப் பொறியாளர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். குட்டிப் பயணங்களை விட்டதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, எந்தச் சாலையில் எவ்வளவு வாகனம் வரும் என்று கணினியில் மாடல் ஓட்டும்போது ஒரே மண்டலத்துக்குள் தொடங்கி அங்கேயே முடிகிற பயணம் மாடலின் எந்தச் சாலையிலும் ஏறாது, அதனால் அதைச் சேகரிப்பது வீண் செலவு என்பார்கள். சரிதான், சாலையில் நெரிசல் எங்கே வரும் என்று கண்டுபிடிக்கச் செய்த கருவி அது. அதையே எடுத்து மக்கள் எப்படி நடமாடுகிறார்கள் என்று கேட்டால் அது என்ன செய்யும்?

வாகனம் எண்ணுவதிலும் இதே கதை. பி.சி.யு (பாசெஞ்சர் கார் யூனிட்) என்று ஒரு அலகு, ஒவ்வொரு வாகனமும் எத்தனை காருக்குச் சமம் என்று எண்ணுவது; கார் ஒன்று என்றால் பஸ் ஏறக்குறைய மூன்று. அதாவது ஐம்பது பேர் உட்கார்ந்து போகிற பஸ் மூன்று கார் அளவு இடைஞ்சல். உள்ளே இருக்கும் தலைகளுக்கு அதில் மதிப்பில்லை, சாலையைக் கடக்கிறவருக்கு அலகே கிடையாது. இந்த எண்ணை நேராகச் சாலை அகலப்படுத்தும் பட்டியலுக்குக் கொண்டுபோனால் அகலப்படுத்து என்றுதான் வரும். நகர விரைவுச்சாலைகளைப் பெரிதாக்கினாலும் உச்ச நேரத்தில் மறுபடி நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார். நாங்கள் அதை அறிக்கையில் மேற்கோளும் காட்டினோம், மேம்பாலத்தையும் சேர்த்தோம்.

நான் கார் எதிரி கிடையாது. என்னிடமும் கார் இருக்கிறது, மழை நாளில் எடுக்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் கருத்துப் பகுதியில் யாராவது 'நீ நடந்து போ' என்று ஆரம்பிப்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. அந்தக் கணக்கெடுப்புக்குப் போக்குவரத்துப் படி உண்டு, ஆனால் பெட்ரோல் ரசீது வைத்தால்தான். தெருத் தெருவாக நடந்து போய் எண்ணிய எங்களுக்கு ரசீது எங்கிருந்து வரும்? காரில் வந்து பார்வையிட்டுப் போனவர் மாதாமாதம் வாங்கினார். எனக்கு இன்றுவரை வரவில்லை. அறிக்கையில் என் பெயரும் வரவில்லை, அது வேறு கதை.

சரி, உங்களுக்கு. படிவம் கைக்கு வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 500 மீட்டர் விதி இருந்தால் அடியுங்கள். ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்க வேண்டும் என்று மாற்றுங்கள், செலவு கூடும், சண்டை போட்டு வாங்குங்கள். 'நேற்று எங்கே போனீர்கள்' என்று கேட்காதீர்கள், 'காலையில் கதவைத் திறந்து வெளியே வந்ததிலிருந்து சொல்லுங்கள்' என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும். நடையைப் படிவத்தில் தனி நெடுவரிசையில் வாங்குங்கள், பஸ்ஸுக்கு நடந்ததையும் சேர்த்து.

நடவடிக்கைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் நீட்டவில்லை. காங்கிரீட் கொட்டினால்தான் திட்டம் என்று உங்கள் மேலதிகாரி நினைத்தால் இரண்டு ஊரைக் காட்டுங்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1977-லேயே நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தார்கள், வெளியே வந்து சுற்றித்தான் போக வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் நேர்வழி. பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 2017-ல் அதே யோசனையைக் கையில் எடுத்தது. அடையாளப் பலகையும் தடுப்பும் போட்டு, சாலை எந்தத் திசையில் ஓடும் என்பதை மாற்றியதுதான் அதில் பெரும்பகுதி.

எதிர்ப்பு வரும் என்று பயந்தால் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் செய்ததைப் பாருங்கள். நகர மையத்தின் எல்லையைக் கடக்கும் வாகனங்களிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தை 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக வைத்தார்கள், எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன, செப்டம்பரில் வாக்கெடுப்பு. ஆரம்பத்தில் பெரும்பாலோர் வேண்டாம் என்றவர்கள். அனுபவித்துப் பார்த்தபின் நகரவாசிகளில் பெரும்பான்மை வேண்டும் என்று போட்டது. 2007-ல் நிரந்தரமானது.

படிவம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் வீட்டிலேயே ஒருவரை உட்கார வைத்து நிரப்பிப் பாருங்கள். நான் பல வருஷம் கழித்துப் பழைய படிவம் ஒன்றை எடுத்து என் அம்மாவிடம் போட்டுப் பார்த்தேன். மதியம் வருவதற்குள் வரிசை தீர்ந்துவிட்டது.