அந்த ஒரு வரி

கேள்வி: சம்பளப் பிரிவில் 24 வருடமாக இருக்கிறேன். நான்கு மாதம் முன்பு புது சாஃப்ட்வேர் வந்தது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயிற்சி வகுப்பில், மாற்றம் வந்தால் மனசு கடக்கும் படிகள் என்று மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து காட்டினார்கள். நான் கோபத்திலேயே நிற்கிறேன். நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டை அது இரண்டாக வெட்டி ஓவர்டைமை விட்டுவிடுகிறது. முதல் மாதமே பார்த்தேன், சொல்லவில்லை. அது இப்போது என் வேலை இல்லையே. வெளியூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் மகன் அழைத்தால்கூட போன் எடுக்கப் பிடிக்கவில்லை. எப்படி மீள்வது?

பதில்: உங்கள் மனசு அப்புறம். முதலில் அந்த ஓவர்டைம்.

மாலை 6 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போகிறவரின் 12 மணி நேரத்தை மெஷின் ஆறு, ஆறாக இரண்டு ஷிஃப்ட் என்று எண்ணுகிறது. எந்தத் துண்டும் எட்டு மணி நேரத்தைத் தாண்டாது. நாலு மணி நேர ஓவர்டைம் காணாமல் போய்விடும். கையால் கணக்குப் போட்டுப் பழகிய உங்கள் கண்ணில் பட்டது. வேறு யாருக்கும் படவில்லை. நான்கு மாதம் என்றால் நான்கு சம்பளம். பணம் ஏன் குறைகிறது என்று புரியாமல் யாரோ ஒருவர் தன் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். உங்களுக்கு நிர்வாகத்தின் மேல் கோபம். அதை ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன் கூலியிலா காட்டுவது?

அந்த ஐந்து படியை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969ல் எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளை வைத்து. பிற்பாடுதான் அதை அலுவலகத்துக்குத் தூக்கிவந்தார்கள். நீங்கள் சாகக் கிடக்கவில்லை.

உங்களைக் கேட்காதது தப்புதான். கோச், ஃபிரெஞ்ச் என்ற இருவர் ஓர் அமெரிக்கப் பைஜாமா தொழிற்சாலையில் செய்த ஆய்வு 1948லேயே வந்துவிட்டது. மாற்றத்தை உத்தரவாகச் சொன்ன குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி மாற்றிய குழுக்களில் ஒருவரும் போகவில்லை. உங்கள் மேலதிகாரிகளுக்கு அந்தப் புத்தி இல்லை, சரி. உங்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, அந்தத் தப்பைப் பார்த்த நாள் வரை. அதற்குப் பிறகு நீங்களும் அவர்களோடு சேர்ந்துவிட்டீர்கள்.

அடுத்தவர் வீட்டுக்குப் போக வேண்டிய காசைத் தடுத்துவிட்டு, தன் வீட்டில் நிம்மதி தேடினால் எங்கே கிடைக்கும்? இந்த விஷயத்தில் நான் பழைய ஆள், அப்படித்தான் சொல்வேன்.

நாளைக்கே வருகைப் பதிவை எடுங்கள். யாருக்கு, எந்தெந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் விட்டுப்போனது என்று பட்டியல் போட்டு, நிலுவையைச் சேர்த்துத் தரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். முதல் மாதமே கவனித்தேன் என்பதையும் எழுதுங்கள். அதை மழுப்ப வேண்டாம். திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மகனுக்கு நீங்களே போன் செய்யுங்கள். அவன் சம்பளச் சீட்டை எடுக்கச் சொல்லி, ஓவர்டைம் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.