தனியாக மலைக்கு அனுப்பலாமா?

வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டுக்காரரை வால்பாறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். ஒரு மாதம் அல்ல, இப்போதைக்கு ஒரு ராத்திரிகூட வேண்டாம்.

கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இதை உங்களிடம் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று, உங்கள் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் வால்பாறைக் குளிர், அட்டைக்கடி, மூச்சிரைப்பு, வெறுங்காலில் நடப்பது, படுக்கையறைப் பூந்தொட்டி. கடைசியில், கையெழுத்துக்குச் சற்று மேலே இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “போன வாரம் எல்.ஐ.சி. பத்திரம், லாக்கர் சாவி எல்லாம் எங்கே இருக்கிறது என்று உட்காரவைத்துக் காட்டினார். யார் யார் பணம் தர வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார். பத்து நாளாக முகம் தெளிவாக இருக்கிறது. தேறிவிட்டான் என்கிறார் மாமியார். எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.”

நீங்கள் கேட்க வந்ததே அதுதான். அந்தப் பயம் நியாயமானது.

உங்கள் வீட்டுக்காரருக்கு வயது 46. லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடும் அளவுக்கு இளைத்திருக்கிறார். பட்டறைக்குப் போனாலும் மெஷினைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று வேலையாட்கள் சொல்கிறார்கள். இது மனச்சோர்வு நோய். மனநல மருத்துவர் சரியாகக் கண்டுபிடித்து மாத்திரையும் கொடுத்தார். மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு, “மாத்திரை மூளையைச் சுருக்கும், காடுதான் மருந்து” என்று யாரோ பேசிய வீடியோவைப் பார்த்து நிறுத்திவிட்டார். இப்போது வால்பாறையில் நண்பரின் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் தனியாக ஒரு மாதம் இருக்கப்போவதாகச் சொல்கிறார். அங்கே போன் சிக்னல் கிடைக்காது என்பதே அவருக்குப் பிடித்திருக்கிறது.

நோய் குறைந்தாலும் முகம் தெளியும். “இனி போதும்” என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாலும் தெளியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் மாமியார்மீது தவறில்லை, பெற்ற மனம் அப்படித்தான் நம்பும். ஆனால் தேறிவருகிறவருக்கு முதலில் பசி திரும்பும். நின்றுபோன ஜாப் ஒர்க் என்னாயிற்று என்று விசாரிப்பார், மகளின் காலேஜ் அட்மிஷனைப் பற்றிப் பேசுவார், சின்ன விஷயத்துக்குக் கோபப்படக்கூடச் செய்வார். அடுத்த மாதத்தைப் பற்றி அவர் பேச்சில் ஏதாவது இருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. மருந்தும் இல்லாமல் திடீரென்று வந்த அமைதி, கணக்குவழக்கை ஒப்படைப்பது, யாரும் எட்ட முடியாத இடத்துக்குத் தனியாகப் போகத் துடிப்பது: இவை ஒன்றாக வந்தால் மருத்துவர்களான நாங்கள் அதைத் தற்கொலை அபாயமாகவே எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு நூறு அப்படித்தான் என்று சொல்லவில்லை. அப்படி இல்லை என்று நேரில் உறுதியாகும்வரை அவரைத் தனியே விடக்கூடாது என்கிறேன்.

நேரடியாகக் கேளுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் வழக்கப்படியே, “ஏனுங்க, செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதுங்களா?” என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கிளப்பாது. இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

“ஆமாம்” என்றால் அழுது கூட்டம் கூட்டாதீர்கள். பிள்ளைகள்மீது சத்தியம் வாங்காதீர்கள். சத்தியத்தால் எண்ணம் போகாது. அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். சொல்ல விடுங்கள், கேளுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். “இல்லை” என்றாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய் அந்த நோட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் நிலைமை கைமீறினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்: 108 அல்லது நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். கூட இருப்பவர்களும் அழைக்கலாம்.

மாத்திரை விஷயம். மனச்சோர்வு மாத்திரை மூளையைச் சுருக்காது. மாறாக, நீண்ட நாள் தீராத மனச்சோர்வு உள்ளவர்களுக்குத்தான் நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சிறுத்திருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரங்களில் குமட்டலும் படபடப்பும் வரலாம். அதாவது, கஷ்டத்தை எல்லாம் பட்டுவிட்டு, பலன் வரும் நேரத்தில் நிறுத்தியிருக்கிறார். ஒரு வீடியோவுக்காக! அந்த வீடியோ போட்டவர் உங்கள் வீட்டுக்காரரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, இப்படிப் பாதியில் நிறுத்தியவர்களின் வீட்டிலிருந்து வருகிறது. மனம் வெதும்பித்தான் இதை எழுதுகிறேன். இந்த மாத்திரைக்கு ஆள் அடிமையாக மாட்டார். அந்த ஆபத்து சில வகைத் தூக்க மாத்திரைகளுக்கு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தட்டியதுபோன்ற உணர்வு எல்லாம் சிலருக்கு வரும். அதனால்தான் நிறுத்தும்போது மெல்லக் குறைக்கிறோம். மிச்சமிருக்கும் அட்டையை எடுத்து நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டியிருக்கும்.

இனி காடு. மரமும் தண்ணீரும் மனதுக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நானே நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணியும் குறைவாகவே கேட்டார்கள். 2015-இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், 90 நிமிடம் மரங்களுக்கு நடுவே நடந்தவர்களுக்கு, ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்ப மனதில் போட்டு அரைப்பது குறைந்தது. வண்டிகள் ஓடும் சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த கணக்கில், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது பசுமையில் கழித்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும், பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் இல்லை.

ஆனால் இவர்கள் யார்? ஸ்டான்ஃபோர்டில் நடந்தவர்கள் நோயில்லாதவர்கள். இங்கிலாந்துக் கணக்கிலும், நடந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் நடக்க முடிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று மணிக்கு விழித்து, சாப்பாடு இறங்காமல், மாத்திரையை நிறுத்திய ஒருவரைத் தனியாகக் காட்டில் விட்டால் குணமாகிவிடும் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிக்கு நடை நல்லது, அதற்காக இன்சுலினை நிறுத்துவோமா? அதோடு, விடியலின் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்பதற்காகத்தான் காலையில் வெளியே போகச் சொல்கிறோம். இந்த ஆடி மாதத்தில் வால்பாறை முழுக்க மழையும் மூடுபனியும். அங்கே ஓர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தால், அரைத்த நினைப்பையே இன்னும் நன்றாக அரைக்கலாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. அட்டை கடித்தால் கழுவி அழுத்திப் பிடியுங்கள், ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரம் ஆகலாம். படுக்கையறையில் இரண்டு தொட்டிச் செடி விடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதைவிட மிகக் குறைவு, இருந்துவிட்டுப் போகட்டும். வெறுங்காலில் புல்லில் நடப்பது சுகம், மனச்சோர்வுக்கு மருந்தல்ல. சர்க்கரை இருப்பவர்கள் அதையும் செய்யக்கூடாது. ‘வனக் குளியல்’ என்ற பழக்கத்தை ஜப்பான் வனத்துறை 1982-இல் மக்களிடம் கொண்டுவந்தது, நல்ல பழக்கம். மர வாசனை நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்ற ஆய்வுகள் சிறிய அளவில், பெரும்பாலும் நலமாக இருந்தவர்களிடம் நடந்தவை.

சிங்காநல்லூர் குளம் உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம்தான். மருத்துவரைப் பார்த்த பிறகு, காலை ஆறரை மணிக்கு அங்கே கூட்டிப்போங்கள். அரை மணி நேரம், வாரத்தில் நான்கைந்து நாள். நீங்களோ உங்கள் கொழுந்தனாரோ கட்டாயம் கூட இருக்க வேண்டும். பேச வேண்டும் என்று அவரை வற்புறுத்தாதீர்கள். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணவும் வேண்டாம். தண்ணீர்க் காகமோ நாமக்கோழியோ கண்ணில் பட்டால் நின்று பார்க்கட்டும், நடக்க முடியாத நாளில் கரையில் உட்கார்ந்திருக்கட்டும். முதல் வாரம் வர மறுப்பார். மனச்சோர்வில் ஆசை வந்து எழுந்திருப்பது நடக்காது, எழுந்து போன பிறகுதான் மெல்ல ஆசை வரும். அதனால் “போலாமா?” என்று கேட்காமல், செருப்பை எடுத்து வைத்து “வாங்க” என்று கிளம்பிவிடுங்கள்.

வால்பாறைக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து, மருத்துவர் சரி என்றால், குடும்பத்தோடு போங்கள். மாத்திரை உங்கள் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. இரவெல்லாம் அவர் மூச்சைக் கவனித்தபடி நீங்களே விழித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவரால் இதைச் செய்ய முடியாது. “வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணத்துக்குக் கெடுதல்” என்று மறைத்தது போதும். கொழுந்தனாரிடமும் மாமியாரிடமும் இன்றே உள்ளபடி சொல்லி, மருத்துவர் ஆபத்து நீங்கியது என்று சொல்லும்வரை முறைவைத்து அவர் பக்கத்தில் இருங்கள். உங்கள் முறை இல்லாத இரவில் நீங்கள் வேறு அறையில் படுத்துத் தூங்குங்கள்.