வரி கூடினால் ஆட்களைக் குறைப்பதைத் தவிர எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்கு வேறு வழி உண்டா?

உங்கள் கேள்வியின் விளக்கத்தில் "கடையில் பாதிப் பேர் சும்மாதானே நிற்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கடை நடத்துகிறீர்கள், அல்லது அப்பாவின் கடை இப்போதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் மதுரையில் ஒரு பெரிய ஷோரூமின் டிவி பிரிவில் 2011 முதல் 2022 வரை வேலை பார்த்தவன்.

வரி கடைக்காரரை நெரிக்கிறது என்பது உண்மைதான். 2017 டிசம்பரில் டிவிக்கான இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். செல்போனுக்கு 10 என்பது 15 ஆகி, அடுத்த பட்ஜெட்டிலேயே 20 ஆனது. ஜிஎஸ்டி அந்த வரியையும் சேர்த்த தொகையின் மேல்தான் விழும். பெரிய டிவிக்கு அப்போது ஜிஎஸ்டி 28 சதவீதம். 100 ரூபாய் மதிப்பில் வந்திறங்கும் பெட்டி முன்பு வரிகளோடு 140 ரூபாய் 80 காசு. பிறகு 153 ரூபாய் 60 காசு. செஸ் என்ற கூடுதல் வரி தனி. விலை ஏறியதும் வாடிக்கையாளர் "தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்பிவிடுவார். வாடகையும் கரண்ட் பில்லும் அதற்காகக் காத்திருக்காது. முதலாளியால் உடனே வெட்ட முடிவது சம்பளம் ஒன்றைத்தான்.

எங்கள் முதலாளியும் அதைத்தான் செய்தார். 2018 பொங்கல் முடிந்ததும் மூத்த விற்பனையாளர்கள் நான்கு பேரை அனுப்பிவிட்டார். அந்த இடங்களில் டிவி கம்பெனிகளே சம்பளம் கொடுத்து அனுப்பும் ப்ரோமோட்டர்கள் நின்றார்கள். கடைக்குச் செலவில்லை. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு மாத டார்கெட் உண்டு, தங்கள் பிராண்டை விற்றுத்தான் ஆக வேண்டும்.

அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். வாடிக்கையாளர் விலையைக் கேட்பதற்கு முன்பே, "சுவருக்கும் நாற்காலிக்கும் எத்தனை அடி? ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். ஐம்பத்தைந்து அங்குலம் கேட்டு வந்தவருக்கு நாற்பத்து மூன்றே போதும் என்று சொல்லி அனுப்பிய நாட்கள் உண்டு. அப்படி நம்பி வாங்கியவர் ஸ்டெபிலைசரையும் சுவர் ஸ்டாண்டையும் கூடுதல் வாரண்டியையும் அவரிடமே கேட்டு வாங்குவார். டிவியில் கிடைக்கும் லாபம் சொற்பம். கடைக்கு உண்மையில் காசு தந்தவை இந்தச் சில்லறைச் சாமான்கள்தான்.

அவர் போன சில வாரங்களில் மேலூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய பத்துக்குப் பத்து அறைக்கு எங்கள் கடையில் 55 அங்குல டிவியை விற்றுவிட்டிருந்தார்கள். கண் வலிக்கிறது என்று திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. டிஸ்ப்ளே பீஸ் விலைக்குத்தான் அதைத் தள்ள முடிந்தது, வண்டிக்கூலியும் கடையின் செலவுதான். அந்த மாதம் இப்படி மூன்று பெட்டிகள் திரும்பின. திட்டு வாங்கியது நான். என் குருவோ எதிர்த்த கடையில் சேர்ந்திருந்தார். அவருடைய செல் நம்பர் வைத்திருந்த வாடிக்கையாளர்களும் அங்கே போய்விட்டார்கள்.

ஒரு கடையின் கதையை வைத்து முடிவு கட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்ற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தொடர் இருந்தது. 2007 மார்ச்சில், சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று சொல்லி 3,400 ஊழியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2008 நவம்பரில் திவால் மனு. 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடப்பட்டது. நிதி நெருக்கடியும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தது, மறுக்கவில்லை. ஆனால் விவரம் தெரிந்தவர்களை அனுப்பிவிட்ட கடைக்கு வாடிக்கையாளர் எதற்காக வர வேண்டும்?

அதனால் என் பதில்: வாடகையைக் குறைத்துப் பேசுங்கள், விற்காத மாடல்களை முதலில் தள்ளுங்கள், கம்பெனிகளிடம் சண்டை போட்டுச் சலுகை வாங்குங்கள். பழைய ஆட்கள் மேல் கை வைப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிட்டது. வரி இப்படி ஏறும், இறங்கும். ஆனால் எங்கள் கடையில் காலியான அந்த நான்கு இடங்களுக்கு, நான் விலகும் வரை கடையின் சொந்த ஆட்களை எடுக்கவே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் தளத்தில் வாடிக்கையாளருக்கு சோபா இருந்தது. எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூட வரவில்லை. காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றதில் என் இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டுவிட்டது. சும்மா நிற்கிறார்கள் என்று எழுதினீர்களே, உங்கள் கடையில் அவர்கள் உட்கார ஏதாவது போட்டிருக்கிறீர்களா?