ஊட்டிக் குளிரிலும் ஓவர்கிளாக் செய்த கணினி ஏன் தொங்குகிறது?

"அறையே 12 டிகிரிதான், பிராசஸரும் சூடாகவில்லை. ஆனாலும் கேம் நடுவில் நீலத்திரை வருகிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிர் சூட்டைத்தான் குறைக்கும். ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்ததைவிட ஏற்றிவைத்த வேகத்துக்குப் போதாத வோல்டேஜை ஈடுகட்டாது. (ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு என்பதால் ஃபேனும் சற்றே சோப்ளாங்கிதான்.)

முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டுப் பாருங்கள். குன்னூரில் நான் இரண்டு வாரம் வோல்டேஜை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் குற்றவாளி ரேம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓர் இரவு ஓடியதும் பிடிபட்டது.

ரேம் சரி என்றால் மல்டிபிளையரை (பிராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) ஒன்று குறையுங்கள். தொங்கல் நின்றால் பிராசஸருக்குப் போகும் கோர் வோல்டேஜ்தான் போதவில்லை. பழைய வேகத்துக்குத் திரும்பி, 0.01 வோல்ட் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 ஓட்டுங்கள். சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியும். பயாஸில் அதை ஈடுசெய்யும் லோட்லைன் கேலிப்ரேஷனை நடுத்தர அளவில் வைத்தால் அந்தச் சரிவு குறையும். உச்சத்தில் வைக்காதீர்கள், சுமை இறங்கும் கணத்தில் வோல்டேஜ் எகிறும்.

நீலத்திரையே இல்லாமல் சட்டென்று அணைந்தால் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகியுங்கள். அப்புறம், கணினியை மலையடிவார மேட்டுப்பாளையத்துச் சூட்டுக்கு இறக்கினால் எல்லாச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து.