மான்ஸ்பிரிட்ஜ் பள்ளியை முடிக்கவில்லையே, எனக்குப் பட்டம் எதற்கு?

கேள்வி: டொரன்டோவில் வசிக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகளுக்குத் தொலைக்காட்சிச் செய்தி நெறியாளராக ஆசை. "கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியில் செய்தி நெறியாளராக இருந்த பீட்டர் மான்ஸ்பிரிட்ஜ் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்" என்கிறாள். கல்லூரிக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

பதில்: மகள் சொல்வது உண்மைதான். 1968-இல் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் என்ற சிற்றூரின் விமான நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொன்ன குரல் பிடித்துப்போய், உள்ளூர் சிபிசி வானொலி மேலாளர் அவரை அழைத்துக்கொண்டார். பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கே கிடைத்தது இசை நிகழ்ச்சி. அந்த நிலையத்தில் உள்ளூர்ச் செய்தியே கிடையாது. அதை அவரே தொடங்கினார். பிறகு 1971-இல் வின்னிபெக் வானொலி, 1972-இல் தொலைக்காட்சி, 1975-இல் சஸ்காட்சுவானில் சிபிசியின் முதன்மை இரவுச் செய்தியான 'தி நேஷனல்' நிருபர், அடுத்த ஆண்டு தலைநகர் ஒட்டாவா. அந்தச் செய்தியின் தலைமை நெறியாளர் நாற்காலி கிடைத்தது 1988-இல். பள்ளியில் விட்டதை இருபது ஆண்டு நிருபர் வேலையில் படித்தார் என்பதே சரி.

இன்று செய்தி அறைகளில் ஆள் குறைவு. உட்காரவைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. அதனால் பட்டம் வேண்டும். ஆனால் அது இதழியலாகவே இருக்க வேண்டியதில்லை. 2017-இல் மான்ஸ்பிரிட்ஜ் ஓய்வு பெற்றபின் 'தி நேஷனல்' நெறியாளர்களான நால்வரில் இயன் ஹனோமன்சிங் சட்டம் படித்தவர். கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு இதழியல் படிப்பு இருக்கிறது. என் பரிந்துரை வேறு: பொருளாதாரமோ அரசியலோ சட்டமோ ஒன்றை ஆழமாகப் படித்துவிட்டு, ஹாலிஃபாக்ஸ் கிங்ஸ் கல்லூரியில் உள்ளது போன்ற ஓராண்டு இதழியல் படிப்பைச் சேர்த்துக்கொள்ளட்டும். செய்தி அறையில் பயிற்சிக்கு அனுப்பும் படிப்பா என்று முதலில் விசாரியுங்கள்.

முதல் வேலைக்கு டொரன்டோவை நம்பியிருக்க வேண்டாம். தண்டர் பே, எல்லோநைஃப் மாதிரி தொலைவிலுள்ள ஊர்களில் ஒருவரே கார் ஓட்டிப் போய், படம் பிடித்து, எழுதி, எடிட் செய்து, நேரலையிலும் நிற்பார். ஓட்டுநர் உரிமம் இல்லாததால் கைநழுவும் வாய்ப்புகள் உண்டு. ஒன்டாரியோவில் பழகுநர் உரிமமான ஜி1-இலிருந்து அடுத்த நிலையான ஜி2-க்கு 12 மாதம் (அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்தால் 8), அங்கிருந்து முழு உரிமமான ஜி-க்கு இன்னொரு 12 மாதம் ஆகும். இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்பும் மாதிரிக் காணொளியான டெமோ ரீல் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல் 15 விநாடியில் சம்பவ இடத்தில் நின்று பேசும் காட்சி, அடுத்து அவளே தயாரித்த முழுச் செய்தி ஒன்று. ஸ்டூடியோ மேசையில் அமர்ந்து வாசித்ததை முதலில் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. செய்தி ஆசிரியர்கள் தேடுவது செய்தியைத் தேடிக் கொண்டுவரும் ஆளை. ஆங்கிலத்தில் செய்தி வாசிக்க 30 விநாடிக்கு 75 முதல் 80 சொல் போதும். நூறைத் தாண்டினால் மூச்சுத் திணறும், பொருளும் புரியாது.

நேரலைக்கு நல்ல பாடம், 2014 அக்டோபர் 22 ஒட்டாவா துப்பாக்கிச் சூட்டின்போது மான்ஸ்பிரிட்ஜ் நடத்திய ஒளிபரப்பு. உறுதியானது எது, ஆகாதது எது என்று திரும்பத் திரும்பப் பிரித்துச் சொன்னார். வதந்தியை நிரப்பி நேரத்தை ஓட்டவில்லை. மகள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. எண்ணெய் நிறுவனங்களின் சங்கத்தில் பணம் பெற்று அவர் உரையாற்றியது அதே 2014-இல் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. சிபிசி தன் விதிகளை இறுக்கியது. ஆகவே நிருபராகச் சேர்ந்தபின், வணிக நிறுவன விழாக்களில் பணத்துக்குத் தொகுத்து வழங்க அழைப்பு வந்தால், செய்தி ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஏற்கக் கூடாது.