சிப்ஸும் காய்கறிதானே, டீச்சர்?

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. உணவுத் தொகுதிகள் பாடத்தை வண்ணப் படம் ஒட்டி, அட்டவணை போட்டு நடத்தினேன். பரீட்சையில் எல்லாரும் சரியாகவே எழுதினார்கள். ஆனால் ஒரு மாணவன், “உருளைக்கிழங்கு சிப்ஸும் காய்கறிதானே, டீச்சர்?” என்று கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை. இன்னொரு சங்கடம்: டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று தினமும் பார்த்துக் குறித்துவந்தேன். இப்போது இரண்டு மூன்று பிள்ளைகள் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். எங்கே தவறினேன்?

பதில்: இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம், அதுதான் அவசரம். அந்தக் குறிப்பு நோட்டை நாளைக்கே மூடி வைத்துவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளை சாமான் வாங்குவதில்லை, சமைப்பதும் இல்லை. வீட்டில் கட்டிக்கொடுத்ததைக் கொண்டுவருகிறது. அதைப் பார்த்து நீங்கள் முகம் சுளிக்காவிட்டாலும், பேனாவை எடுத்தாலே போதும், ‘உங்கள் வீடு சரியில்லை’ என்றுதான் அதன் மனதில் படும். ‘நல்ல உணவு, கெட்ட உணவு’ என்ற பேச்சும் வேண்டாம். ‘தினமும் சாப்பிடுவது, எப்போதாவது சாப்பிடுவது’ என்று பிரித்தால் பாடமும் நடக்கும், யார் மனமும் நோகாது.

சரி, சிப்ஸுக்கு வருவோம். அந்தப் பையன் கேட்டது அருமையான கேள்வி. உணவுத் தொகுதி என்பது தாவரவியல் பிரிவு அல்ல. தாவரவியல்படி தக்காளி பழம். தட்டில் அது காய்கறி. உடலுக்கு எது பிரதானமாகக் கிடைக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதை வைத்து மனிதர்கள் போட்ட கோடுதான் இது. அதனால் கோடு இடத்துக்கு இடம் நகரும். உருளைக்கிழங்கை அமெரிக்க வழிகாட்டி ‘மாவுச்சத்துள்ள காய்கறி’ என்று காய்கறிக்குள்ளேயே வைக்கிறது. பிரிட்டன் அதைச் சோறு, ரொட்டிப் பக்கம் தள்ளிவிடுகிறது. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கைச் சேர்ப்பதில்லை. ஆக, பையன் முழுக்கத் தப்பாகச் சொல்லிவிடவில்லை. அதை வகுப்பிலேயே சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளைகளே கண்ணால் பார்க்கட்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்ச்சர் அயோடினைத் தண்ணீர் விட்டு, வெளிறிய தேநீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். உருளைக்கிழங்குத் துண்டு, ஆறிய சோறு, ரொட்டி, வெள்ளரித் துண்டு இவற்றின் மேல் ஒவ்வொரு சொட்டு. மாவுச்சத்து இருப்பதால் முதல் மூன்றும் சட்டென்று கருநீலமாகும்; வெள்ளரியில் சொட்டு பழுப்பாகவே கிடக்கும். உருளைக்கிழங்கு யாருக்கு உறவு என்பதற்கு அதன் பிறகு விளக்கமே தேவையில்லை. ஒரு பச்சை வாழைக்காயையும் நன்கு கனிந்த வாழைப்பழத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை: காய் கறுக்கும், பழம் அவ்வளவாக நிறம் மாறாது. பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிவிடுகிறதே! சொட்டு விட்டதை யாரும் வாயில் வைக்கக் கூடாது, துணியில் பட்டால் கறை பிடிக்கும். சொட்டு விடும் வேலையை நீங்களே செய்யுங்கள்.

சிப்ஸை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அழுத்தி, தாளை வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி போலத் தெரியும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9. உப்பும் சேர்கிறது. அதனால் சிப்ஸ் ‘எப்போதாவது’ பட்டியலுக்குப் போகிறது. காரணம் தெரிந்துவிட்டால் தடை போடத் தேவையிருக்காது.

தொகுதிகளின் பெயரை மனப்பாடம் செய்யவைக்க அதிக நேரம் செலவழிக்காதீர்கள். தானியமும் கிழங்கும்; காய்கறி; பழம்; பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, கொட்டை வகைகள்; பால், தயிர். இது ஒரு வகுப்பில் முடிகிற வேலை. சிக்கல் எங்கே என்றால், பிள்ளைகள் சாப்பிடுவது கலவையாக இருக்கிறது, அட்டவணையில் மட்டும் எல்லாம் தனித்தனியாக நிற்கிறது. ஒரு கிண்ணம் காய்கறி சூப்பையோ முட்டை வைத்த ரொட்டியையோ கொடுத்து, “இதற்குள் யார் யார் இருக்கிறார்கள்?” என்று பிரிக்கச் சொல்லுங்கள். வெண்ணெயை நடுவில் நுழைத்துப் பாருங்கள். “பாலில் இருந்துதானே வந்தது” என்பார்கள். ஆனால் பாலை நாம் தனித் தொகுதியாக வைப்பது முக்கியமாகச் சுண்ணாம்புச்சத்துக்காக; வெண்ணெயில் அது மிகவும் குறைவு, கொழுப்புதான் அதிகம். அதனால் அது எண்ணெயோடு போய் உட்கார வேண்டும்.

சுவரில் இன்னும் பழைய உணவுப் பிரமிடு படம் தொங்கினால் கழற்றிவிடலாம். 1992இல் பிரமிடை வெளியிட்ட அமெரிக்க வேளாண் துறையே 2011இல் தட்டுப் படத்துக்கு மாறியது. ஒரு வட்டம் வரைந்து, பாதிக்குக் காய்கறியும் பழமும், மீதியில் ஒரு பங்கு தானியம், ஒரு பங்கு புரதம், பக்கத்தில் ஒரு குவளை பால் என்றால் குழந்தைக்குத் தன் தட்டே நினைவுக்கு வரும்.

பிடிக்காத காயைச் சுவைக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். புதிய சுவை பழகப் பல முறை, சில பிள்ளைகளுக்குப் பத்துத் தடவைக்கு மேலும், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகர்ந்து பார்த்தாலே அன்றைக்குப் போதும். வகுப்பில் எதையாவது சாப்பிடக் கொடுப்பதானால், யாருக்கு ஒவ்வாமை என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை மூன்றிலும் கவனம்.

பரீட்சைக் கேள்வியையும் கொஞ்சம் மாற்றுங்கள். ‘ஐந்து தொகுதிகளை எழுதுக’ என்பதற்குப் பதிலாக, ‘தட்டில் சோறும் பருப்பும் மட்டும் இருக்கின்றன, உன் வீட்டில் கிடைக்கும் எதைச் சேர்ப்பாய், ஏன்?’ என்று கேளுங்கள். எலுமிச்சை பிழிவேன் என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு. பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும்.